அடிப்படை வசதி

"தாத்தா, அடிப்படை வசதின்னா என்ன?"

பேத்தி ஒருநாள் கேட்டாள். முதியோர் சங்கத்தின் மாத மடலை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

அவர் மடலை வாங்கி மடித்து வைத்தார். அந்த மடலை எழுதுகிறவரே அவர்தான்.

இன்று அதற்கு விடை சுவரில் மாட்டியிருந்தது. தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டிருந்தது.

ஒரு மின்விசிறி.

கருவூலத்தின் மாடிக் கூடம் அது. ஓய்வூதியர்கள் ஆண்டுக்கொருமுறை வந்து, உயிரோடு இருப்பதைக் காட்டிவிட்டுப் போகும் இடம். காலையில் வந்து உட்கார்ந்தால் டோக்கன் வரப் பிற்பகல் ஆகும்.

கழிப்பறை கிடையாது. அலுவலர்களுக்கு ஒன்று உண்டு. அதற்குப் பூட்டும் உண்டு.

சங்கம் ஐந்து முறை மனு கொடுத்தது. ஐந்தையும் எழுதியவர் அவர். முதல் மனுவில் 'கழிப்பறை' என்றுதான் எழுதினார். தலைவர் குலசேகரன் பேனாவை வாங்கி அந்தச் சொல்லை அடித்தார்.

"பெரிய அதிகாரி கையில குடுக்கிறது சார். கக்கூஸ் கக்கூஸ்னு எழுதினா நம்ம தகுதி என்ன ஆவுறது? அடிப்படை வசதின்னு போடுங்க. புரிஞ்சுக்குவாங்க."

புரிந்துகொண்டார்கள்.

மின்விசிறிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். நாடா கட்டி வெட்டினார்கள். தலைவர் அதிகாரிக்குப் பொன்னாடை போர்த்தினார். அதிகாரி தலைவருக்குப் போர்த்தினார். படம் சரியாக விழவில்லை என்று இருவரும் கழற்றி, மறுபடி போர்த்திக்கொண்டார்கள்.

மிஞ்சிய ஒரு பொன்னாடை அவர் தோளில் விழுந்தது. "நமது மடலாசிரியர்" என்றது ஒலிபெருக்கி. கைதட்டினார்கள்.

தோளில் ஏதோ ஊர்வதுபோல் இருந்தது.

அச்சுக்குப் போகவேண்டிய முதல் பக்கம் சட்டைப்பையில் மடித்து இருந்தது. 'வென்றது நம் கோரிக்கை! அடிப்படை வசதி கிடைத்தது!' அவர் கையெழுத்துதான். நேற்று எழுதும்போதே வாய் கசந்தது. ஆனாலும் எழுதி முடித்தார். கை கழுவிவிட்டு, நான்கு இட்லி சாப்பிட்டார்.



நாட்டுப்பண் ஒலித்தது. எல்லோரும் எழுந்தார்கள். முட்டி தேய்ந்தவர்களும், தடி ஊன்றியவர்களும்.

கடைசி வரிசையில் லூர்தம்மாள் மட்டும் எழவில்லை. அரசு மருத்துவமனையில் முப்பத்திரண்டு வருடம் நின்றே வேலை பார்த்த செவிலியர்.

பண் முடிந்தது. தலைவர் ஒலிபெருக்கியிலேயே கேட்டார்.

"என்ன சிஸ்டர், பென்ஷனுக்கு எந்திரிக்கிறீங்க, நாட்டுக்கு எந்திரிக்க மாட்டீங்களா?"

சிரித்தார்கள்.

லூர்தம்மாள் மடியிலிருந்த பையை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு தரையைப் பார்த்தார்.

மடலாசிரியருக்குப் புரிந்துவிட்டது.

மூன்று வருடங்களுக்கு முன்பு. இதே கூடம். அவருடைய டோக்கன் நாற்பத்தொன்று. முப்பத்தெட்டைக் கூப்பிட்டபோது அவருக்கு அடக்க முடியாமல் போயிற்று. வேட்டி நனைந்தது. கண்ணை மூடிக்கொண்டார். முருகா, இப்படியே கூட்டிக்கொண்டு போய்விடு என்று வேண்டினார்.

மடியில் சில்லென்று தண்ணீர் கொட்டியது.

"ஐயையோ! கெழவிக்குக் கை நிக்க மாட்டேங்குதே! சார் வேட்டியெல்லாம் பாழாப்போச்சே!"

பக்கத்து நாற்காலியில் லூர்தம்மாள். கையில் காலிப் பாட்டில். கூடமே திரும்பும்படி தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தார். மற்றவர்களும் சேர்ந்து லூர்தம்மாளைத் திட்டினார்கள்.

அவர் வேட்டியை யாரும் பார்க்கவில்லை.

பிறகு இருவரும் அதைப் பேசியதே இல்லை. அவர் நன்றிகூடச் சொல்லவில்லை. சொன்னால், நடந்தது என்று ஆகிவிடும்.

"போண்டா ஆறுது, வாங்க வாங்க!"

கூட்டம் படியிறங்கியது. படியிலிருந்து இரண்டு குரல்கள் கேட்டன.

"அந்தம்மா ஏன் எந்திரிக்கலைன்னு தெரியுதா?"

"தெரியாம என்ன. கீழ வரட்டும், பொடவையப் பாத்தாத் தெரியும்."

கடைசி ஆள் இறங்கும்வரை அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார். பிறகு கடைசி வரிசைக்குப் போனார். தரையைப் பார்க்கவில்லை. பொன்னாடையை எடுத்து நீட்டினார்.

"ஃபேன் காத்து ஒத்துக்கிடாது சிஸ்டர். இடுப்போட நல்லா சுத்திக்கிடுங்க. பின்பக்கப் படியில ஆளே இல்ல."

லூர்தம்மாள் சுற்றிக்கொண்டார். ஜரிகைக் கரை கணுக்கால்வரை மூடியது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

செருப்புச் சத்தம் இறங்கி, தேய்ந்து, நின்றது.

வேட்டியை மடித்துக் கட்டினார். மூலையிலிருந்த குடிநீர்க் குடத்திலிருந்து சொம்பு சொம்பாக மொண்டு வந்தார். நாற்காலிக்கடியில் மண்டியிட்டு, தோள்துண்டால் துடைத்தார். தண்ணீர் ஊற்றி மறுபடி துடைத்தார். முட்டி வலித்தது.



துண்டைப் பிழிந்து ஜன்னல் கம்பியில் போட்டுவிட்டு, அதே நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் பக்கத்தை எடுத்தார். தலைப்பைக் குறுக்கே ஒரே கோடாக அடித்தார்.

அதன்மேல், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களுக்கும் புரியும்படி, பெரிதாக எழுதினார்.

கழிப்பறை இல்லை.

கீழே ஒரு வரி. 'இந்தக் கூடத்தில் நம் உறுப்பினர் ஒருவருக்கு அடக்க முடியாமல் போயிற்று.'

படித்துப் பார்த்தார்.

கீழே சிரிப்புச் சத்தம்.

'நம் உறுப்பினர் ஒருவருக்கு' என்பதை மட்டும் அடித்தார். மேலே 'எனக்கு' என்று எழுதினார்.