இறங்காத ஈயம்

"மறுபடியும் வேலைக்குப் போறீங்க, இல்லையா?"

டாக்டர் ஜோதிலட்சுமி ரத்த ரிப்போர்ட்டை மேஜைமேல் போட்டார்.

"இல்ல மேடம். அந்தக் கம்பெனி பக்கமே தலைவெச்சுப் படுக்கல" என்றான் இம்மானுவேல்.

கும்மிடிப்பூண்டி பக்கம், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் கம்பெனி ஒன்றில் ஆறு வருடம் இருந்தவன். தீராத வயிற்றுவலி. அல்சர் என்று ஒருவர் மாத்திரை கொடுத்தார். குடல்வால் என்று இன்னொருவர் ஆபரேஷனே செய்துவிட்டார். குடிகாரன் என்றுகூட ஒரு சீட்டில் எழுதியிருந்தது. அவன் குடித்ததே இல்லை.

ரத்தத்தில் ஈயம் ஏறியிருப்பதைக் கடைசியில் கண்டுபிடித்தவர் ஜோதிலட்சுமிதான்.

வேலையை விடச் சொன்னார். விட்டான். வார்டில் சேர்த்து மருந்து ஏற்றியதும் எண்பத்திரண்டாக இருந்த ஈய அளவு முப்பதுக்கு இறங்கியது. வீட்டுக்குப் போனான், ஐம்பத்தைந்து. மறுபடி சேர்த்தார்கள், இறங்கியது. இப்போது அறுபது.

"எலும்புல தங்கினது கொஞ்சம் ரத்தத்துக்குத் திரும்ப வரும், ஒத்துக்கறேன். இவ்வளவு வராது."

"பைபிள் மேல சத்தியமா போவல மேடம். ஊட்லதான் கீறேன்."

"உங்க வீட்டுத் தண்ணியை டெஸ்ட் பண்ணியாச்சு. பாத்திரத்தையும் பார்த்தாச்சு. அப்புறம் எப்படி ஏறும்?"

அவன் மனைவி விக்டோரியா சுவரோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களாவது சொல்லுங்கம்மா. இப்படியே போனா கை கால் விழுந்துடும். கிட்னி போயிடும்."



அடுத்த மாதம் சென்னையில் டாக்டர்கள் கூட்டம். இந்தக் கேஸைப் பற்றித்தான் ஜோதிலட்சுமி கட்டுரை வாசிக்கப்போகிறார். முடிவுரை மட்டும் பாக்கி இருந்தது. அவன் கண்ணெதிரிலேயே எழுதினார்: 'நோயாளி உண்மையை மறைக்கிறார். சொல்பேச்சை மீறி அதே வேலைக்குச் செல்கிறார்.'

"போய் யூரின் குடுத்துட்டு வாங்க."

இம்மானுவேல் சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே போனான். விக்டோரியா நகரவில்லை.

"மேடம், அந்த ஈயத் தூள் துணியில, தலைமுடியில ஒட்டிக்கினு ஊட்டுக்கு வந்தா, அதுல கூட ஏறுமா?"

"ஏறும். உங்களது ஒத்தை ரூம் வீடு, கேக்கவே வேணாம். அதனாலதானே அவரை வேலையையே விடச் சொன்னேன்."

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அவுரு பொய் சொல்லல மேடம். பிஸ்கட் கம்பெனிக்குப் போறேன்னு அவுருகிட்ட நான்தான் பொய் சொல்லிக்கினு கீறேன். ஏழு மாசமா அவுரு வேலையை நான் பாக்கறேன்."