நாலு நாள் அளவு

மூச்சிரைப்புக்காக மனைவிக்கு டாக்டர் கொடுத்திருந்த கருவியைக் கண்டாலே மரப்பட்டறைக்காரருக்கு இளக்காரம். தினமும் காலையில் அதில் ஊத வேண்டும். நுரையீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்ற அளவு கணவரின் செல்போன் வழியாக டாக்டருக்குப் போய்விடும்.

"மகாராணி பீப்பீ ஊதியாச்சா?" என்பார். "முப்பது வருஷமா மரத்தூள்லயே நிக்கறேன். எனக்கு என்ன கேடு வந்துச்சு? உடம்பு வணங்காதவங்களுக்குத்தான் இந்த வியாதியெல்லாம்!"

அவள் ஊதி முடித்து, கருவியைத் துடைத்து அலமாரியில் வைப்பாள்.

வெள்ளிக்கிழமை டாக்டரே பதறிப்போய்க் கூப்பிட்டார். "நாலு நாளா உங்க வீட்டம்மாவோட அளவு பாதிக்கும் கீழ போயிருக்கு. உடனே கூட்டிட்டு வாங்க!"

பட்டறைக்காரர் குஷியாகக் கிளம்பினார். ஆஸ்பத்திரியில் இரண்டு மாடி ஏறுவதற்குள் மூன்று இடத்தில் நின்று, "ஏன் ஓடற?" என்று மனைவியைத் திட்டினார்.

டாக்டர் அவளை மறுபடி ஊத வைத்தார். நெற்றியைச் சுருக்கினார். "நல்லாத்தானே இருக்கு! அப்புறம் எப்படி..."

இந்த நொடிக்காகத்தான் பட்டறைக்காரர் காத்திருந்தார். மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

"டாக்டர், இவ நாலு நாளா அக்கா வீட்டுல இருந்தா. மெஷினை மறந்து வெச்சுட்டுப் போயிட்டா. இவ பேருல ஊதினது நான்! கல்லு மாதிரி இருக்கற ஆளுக்கே சாகப்போறான்னு காட்டுது. உங்க டுபாக்கூர் மெஷினோட லட்சணம் பாத்தீங்களா?"

டாக்டர் சிரிக்கவில்லை. அவளுடைய ஃபைலை மூடிவிட்டுப் புதிதாக ஒன்றை எடுத்தார்.

"உட்காருங்க சார். உங்க வயசு என்ன?"