பதினொரு வேல்

“உந்தப் பேப்பரில நான் கையெழுத்து வைக்க மாட்டன்” என்றார் மங்கையற்கரசி.

கனடாவில், மோர்னிங்சைட்டில் ஒரு நூலகத்தின் கீழறை. தமிழர் அடிச்சுவடு மன்றத்தின் அவசரக் கூட்டம். வந்திருந்த எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று. கூட்டம் முடிந்தால்தான் வடை என்பது மன்றத்தின் வழக்கம். இவர் ஒருத்தரால் வடை ஆறிக்கொண்டிருந்தது.

தலைவர் வாகீசன் வீடு விற்றுக் கொடுக்கும் தரகர். வாங்க வந்தவர் வேண்டாம் என்று எழுந்து போனாலும் சிரிப்பை விடாத மனிதர். இன்றைக்கு அந்தச் சிரிப்புக் கொஞ்சம் இறுகிப்போயிருந்தது.

“அக்கா, திரும்ப ஒருக்கா வடிவாப் பாருங்கோ” என்று திரையில் படத்தைப் பெரிதாக்கினார்.

ஆபிரிக்காவில், டோகோ நாட்டின் வடக்கே, குட்டிக் கோட்டை மாதிரி மண்ணால் கட்டிய பழைய மாடி வீடு. அந்த நாடு பொத்திப் பொத்திக் காக்கும் மரபு வீடுகளில் ஒன்று. போன மழையில் கூரை இறங்கி, உள்ளறைச் சுவர் வெளியே தெரிந்தது. அந்தச் சுவரில் வரிசையாகக் கீறிய பதினொரு வேல். சந்தேகமேயில்லாத முருகன் வேல். யாரோ ஒரு பயணி எடுத்துப் போட்ட இந்தப் படம்தான் ஒரு மாதமாக மன்றத்தைப் படாத பாடு படுத்திக்கொண்டிருந்தது.

“ஏகாதச உருத்திரர். பதினொரு பேர். பதினொரு வேல். சரியா வருது பாருங்கோ” என்றார் வாகீசன். “ஆகக் குறைஞ்சது ஆயிரம் வருசம். எங்கட ஆக்கள் கப்பலில போயிருக்கினம். இப்ப அந்த ஊர்ச்சனம் என்ன செய்யப் போகுதாம்? அடுத்த மழைக்கு முதல் அதுக்கு மேல மண்ணைப் பூசப் போகுதாம். விடலாமோ?”

டோகோ அரசுக்கு அனுப்பவிருந்த மனுவில் எல்லாம் விபரமாக எழுதியிருந்தது. சுவரைப் பூசக் கூடாது. கண்ணாடி போட்டு மூட வேண்டும். சித்திரைப் புத்தாண்டுக்கு மன்றத்திலிருந்து அங்கே போகும் முப்பத்திரண்டு பேரும் வேல்களுக்குப் பால் அபிஷேகம் செய்ய அனுமதி வேண்டும்.

“மண் சுவருக்குப் பால் வாத்தால் என்ன நடக்கும், தம்பி?”

வாகீசன் அதை யோசித்திருக்கவில்லை.

“கரையும்” என்றார் மங்கையற்கரசி. “பூசாமல் விட்டாலும் அடுத்த மழைக்குக் கரையும். வருசா வருசம் அந்த ஊர்ப் பொம்பிளையள் கையால மழை படுற சுவரைப் பூசிப் பூசித்தான் அந்த வீடுகள் இவ்வளவு காலமும் நிக்குது. அவைக்குப் பாதுகாக்கிறது எண்டால் பூசிறது. நீங்கள் பாதுகாக்கிறம் எண்டு சொல்லிக்கொண்டு வீட்டை விழுத்தப் பாக்கிறியள்.”

செயலாளர் நிரூபா இங்கே பிறந்தவள். நல்ல பிள்ளை. “பட் அன்ரி, இது எங்கட ஹெரிற்றேஜ்தானே. மூடிவிட்டா ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாமல் போயிடும்” என்றாள்.

“பிள்ளை, வீடு அவையின்ர. சுவர் அவையின்ர. மழையும் அவையின்ர தலையிலதான் பெய்யப் போகுது. இதில எங்கட எண்டு என்ன கிடக்கு?”

பின்வரிசையில் யாரோ, “துரோகி” என்றார்கள்.

எங்கள் ஆட்களிடையே அது சும்மா சொல்லும் சொல் இல்லை. மங்கையற்கரசி இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். பின்சீட்டில் எழும்பும் சத்தத்தை எப்படி அடக்குவது என்று அவருக்குத் தெரியும். தளர்ந்த கொண்டையை முடிந்து, ஊசியை இறுக்கிக் குத்திக்கொண்டு எழுந்தார்.

“சொன்ன ஆள் எழும்பி நிண்டு, என்ர முகத்தைப் பாத்துச் சொல்லட்டும்.”

ஒருவரும் எழும்பவில்லை.

“அப்ப நான் சொல்லுறன், கேளுங்கோ. புதுவருசத்துக்கு நீங்கள் பாலோட போய் இறங்கேக்க அங்க ஒரு வேலும் இராது. வாற மாசம் நான் போறன். டிக்கெட் போட்டாச்சு. அந்தப் பொம்பிளையளோட நிண்டு, மண் குழைச்சு, என்ர கையாலயே பூசப் போறன்.”

வாகீசனின் முகத்தில் சிரிப்பு முற்றாகப் போய்விட்டது. “என்ன கதைக்கிறியள் அக்கா? ஆயிரம் வருசத்து வேலுகள். அதுகளை அழிக்க நீங்கள் ஆர்?”

“வீட்டுக்காரிக்கு வாக்குக் குடுத்தனான். சுவரைப் பூசித் தந்திட்டுத்தான் போவன் எண்டு.”

“எந்த வீட்டுக்காரி? நீங்கள் எப்ப அங்க போனனீங்கள்?”

“தொண்ணூற்றியொண்டில. காசு வாங்கிக் களவாக் கனடாவுக்கு எண்டு கூட்டிக்கொண்டு வந்த ஏஜென்சிக்காரன் என்னை அந்த அறைக்குள்ள விட்டிட்டுப் போகேக்க, எனக்குச் சோறு தந்து வைச்சிருந்தவ அந்த மனிசிதான்.”

மங்கையற்கரசி கொண்டையிலிருந்து ஊசியை உருவி, கையெழுத்துப் போடாத மனுவின் மேல் வைத்தார்.

“உது உருத்திரருமில்லை, ஒருத்தருமில்லை, தம்பி, பதினொரு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கு ஒண்டா நல்லூர் முருகனுக்கு நேந்து உப்பிடி ஒரு ஊசியால கீறினது நான். பன்ரெண்டாவது வெள்ளி, சுவரைப் பூச மண் குழைக்க முதல், விடியவே என்னை ஏத்த ஏஜென்சிக்காரன்ர வான் வந்திட்டுது.”