கன்னத்தில் ஒரு திட்டு

கையில் வாங்கிய கேசரித் தட்டைக் கல்யாணி அப்படியே டீப்பாய் மேல் வைத்துவிட்டாள்.

செங்கல்பட்டிலிருந்து இந்த வேகாத வெயிலில் கார் பிடித்துக் கேளம்பாக்கம் வந்தது இதைப் பார்க்கவா? காபி கொடுக்கக் குனிந்த பெண்ணின் கன்னத்தில், அஞ்சு ரூபாய்க் காசு அகலத்துக்கு வெள்ளைத் திட்டு! பவுடர் அப்பி மறைக்கக்கூடத் தோன்றவில்லை மகராசிக்கு.

தரகர் சதாசிவத்தை முறைத்தாள்.

“இன்னாங்க இது? போட்டோவுல இல்லையே?”

“அது தை மாசம் எடுத்த போட்டோம்மா...” தரகர் நெளிந்தார்.

“வெண்புள்ளி இருக்கறத மறைச்சுப் பொண்ணு காட்டுறீங்களா? என் பையன் இன்னா இளிச்சவாயனா?”

“அம்மா, மெதுவா பேசும்மா,” என்றான் பாலா, வாய் நிறைய கேசரியோடு.

“நீ சும்மா இர்றா!”

பெண்ணின் அப்பா வரதன் பதறி எழுந்தார்.

“வெண்புள்ளி இல்லீங்கம்மா. பார்லர்ல லாக்டிக் ஆசிட் தடவி மேல்தோல உரிக்கிறாங்களே, அத பண்ணிகினா. பால் புளிச்சா வர்ற ஆசிட்தான், ஒண்ணும் ஆவாதுன்னாங்க. வெந்துபோச்சு. புண்ணு ஆறிடுச்சு, ஆனா அந்த எடத்துல நிறமே திரும்பி வரல.”

கல்யாணிக்கு எரிச்சல் தலைக்கேறியது. சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலையாம், கை நிறையச் சம்பளமாம். இந்தக் காலத்துப் பெண்களுக்குப் புத்தி எங்கேதான் மேயப் போகிறதோ!

“ஏம்மா ரோகிணி, படிச்ச பொண்ணுதானே நீ? கடவுள் குடுத்த நிறத்துக்கு இன்னா கொறச்சல்? யாராவது மூஞ்சில ஆசிட்ட பூசிப்பாங்களா? எந்தப் புண்ணியவதி குடுத்த ஐடியா இது?”

ரோகிணி தரகரைப் பார்த்தாள். தரகர் ஃபேனைப் பார்த்தார்.

“சொல்லேன், வாய்ல இன்னா கொழுக்கட்டையா?”

ரோகிணி காபித் தட்டைக் கீழே வைத்தாள்.

“‘ஜாதகம் நல்லா பொருந்துது, பொண்ணு கலர்தான் கம்மி. ரெண்டு மாசம் பார்லருக்குப் போவச் சொல்லுங்க, அப்புறம் நேர்ல வந்து பாக்குறோம்’னு சொல்லி அனுப்புனது நீங்கதானே ஆன்ட்டி?”

கல்யாணி சட்டெனத் தரகர் பக்கம் திரும்பினாள்.

ரோகிணி அந்தக் கன்னத்தை அவள் பக்கம் நன்றாகத் திருப்பிக் காட்டினாள்.

“கலர் வந்துடுச்சு. போதுமான்னு பாத்து சொல்லுங்க.”