பையுடன் அனுமதி இல்லை

ஜிம் வாசலில் உட்கார்ந்து லாக்கர் சாவி கொடுக்கும் வேலை எனக்கு. காலையிலேயே ஒரு பெண் போன் செய்தாள்.

“எங்க அண்ணி பச்சை டி-ஷர்ட்டுல அங்க வருவாங்க. பையோட உள்ளே விட்டுடாதீங்க!”

“யாரையுமே பையோட விடமாட்டோங்க. லாக்கர்ல வச்சுட்டுத்தான் போகணும்.”

பத்து நிமிடத்தில் பச்சை டி-ஷர்ட்டில் அந்த அண்ணி வந்தார், வெறுங்கையோடு. முதலில் கழிவறைக்குப் போய்வந்தார். பிறகு அரை மணி நேரம் ட்ரெட்மில்லில் ஓடினார். பார்த்த எனக்கே மூச்சு வாங்கியது.

கிளம்பும்போது கேட்டேன். “பை கொண்டு வரலையா மேடம்? உங்க நாத்தனார் போன் பண்ணாங்க.”

“இங்கேயும் பத்த வச்சுட்டாளா?”

டி-ஷர்ட்டின் ஓரத்தைத் தூக்கினார். வயிற்றில், தோல் நிறத்தில் ஒரு பை ஒட்டியிருந்தது.

“குடல் ஆபரேஷன் ஆகி ஆறு மாசமாச்சு. மலம் இதுலதான் சேரும். காலி பண்ணிட்டு தாராளமா ஓடலாம்னு டாக்டரே சொல்லிட்டார். நான் ஓடினா அவளுக்குத்தான் வயித்தைக் கலக்குது!”

நான் கையிலிருந்த லாக்கர் சாவியைப் பார்த்தேன். அவர் சிரித்தார்.

“இந்தப் பையை லாக்கர்ல வைக்க முடியாதும்மா. வேணும்னா அவ வாயைக் கொண்டாந்து தரேன். பூட்டிட்டு, சாவியை என்கிட்ட குடுத்துடு.”