அட்சரேகை

“என் தங்கச்சி உயிர் உங்க கையிலதாங்க இருக்கு,” என்றார் அவர். கண்கள் சிவந்திருந்தன. கொடுத்த தண்ணீரைத் தொடவே இல்லை.

கட்டினவனின் அடி தாங்காமல் வீட்டைவிட்டு ஓடி, எங்கோ ஒளிந்திருக்கிறாளாம் அந்தத் தங்கை. பார்சல் வந்திருப்பதாக அவள் கைபேசிக்கு ஓர் இணைப்பு வந்திருக்கிறது. அதைத் தட்டியபோது திறந்த பக்கம் அவளை வேவு பார்க்கிறதோ என்று சந்தேகம்.

எதிரே நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இணையப் பக்கங்களுக்குள் பதுங்கியிருக்கும் விஷமங்களைக் கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. எதுவும் தப்பாது என்பதால் ஆபீசில் அவளுக்குச் ‘சல்லடை’ என்று பெயர்.

பக்கத்தின் நிரலைத் திறந்தாள். வேண்டுமென்றே குழப்பியடித்த எழுத்துகள், தலைகால் புரியவில்லை.

“இதைப் படிச்சுப் புரிஞ்சுக்க முடியாது, ஓடவிட்டுத்தான் பார்க்கணும். இந்த நிரலை எழுதியிருக்கற ஜாவாஸ்கிரிப்ட் மொழியை இயக்குற எஞ்சினுக்குள்ளயே ஒரு உளவாளியை உக்கார வச்சிருக்கேன். இந்தப் பக்கம் எந்த வேலையைச் செய்யற ஃபங்ஷனைக் கூப்பிட்டாலும், எந்த விவரத்தைத் தொட்டாலும் எனக்குத் தெரிஞ்சிடும்.”

திரையில் வரிகள் ஓடின. பக்கம் முதலில், இணைப்பிலேயே பொதிந்திருந்த தங்கையின் கைபேசி எண்ணைத் தொட்டது. அடுத்து, ஆள் இருக்கும் இடத்தைக் கேட்கும் ஃபங்ஷனைக் கூப்பிட்டது.

“நீங்க நினைச்சது சரி. அவங்க இருக்கற இடத்தைக் கேட்டு வாங்கி, வெளியே அனுப்பப் பாக்குது.”

“போயிடுச்சா?”

“இல்ல. இடம் எதுவும் சிக்காம வெறுங்கையோடதான் போயிருக்கு.”

“ஏன் போகலை?”

அந்தக் குரலின் அவசரம் அவளுக்குப் புரிந்தது. கூடப் பிறந்தவள் ஆயிற்றே.

“எழுதினவன் அரைகுறை. அட்சரேகையும் தீர்க்கரேகையும் ‘கோஆர்ட்ஸ்’னு ஒரு பெட்டிக்குள்ள வரும். இவன் பெட்டியைத் திறக்காம வெளியே தேடியிருக்கான். இல்லாததைக் கேட்டா எஞ்சின் சண்டை போடாது, ஒண்ணுமில்லைன்னு கையை விரிச்சிடும். அந்த ஒத்தை வார்த்தை விட்டுப்போனதுதான் உங்க தங்கச்சியைக் காப்பாத்தியிருக்கு.”

அவர் அந்த வார்த்தையைக் கைபேசியில் கவனமாக எழுதிக்கொண்டார். “போலீஸ்ல சொல்லணும்ல,” என்றார். வாய் நிறைய நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

மதியச் சாப்பாடு முடிந்தும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. போலீஸ் அசைவதற்குள் அந்தப் பெண் மறுபடியும் தட்டிவிட்டால்? திரையில் இருந்த எண்ணுக்குத் தானே அழைத்தாள்.

“பார்சல்னு சொல்லி ஏதாவது இணைப்பு வந்தா தட்டாதீங்கம்மா.”

“இப்பதான் மறுபடி ஒண்ணு வந்துச்சு. இடம் கேட்டுச்சு, சரின்னு அமுக்கிட்டேனே. நீங்க யாரு?”

“பயப்படாதீங்க, அது வேலை செய்யாத பக்கம்தான். காலையில உங்க அண்ணன் கொண்டுவந்து காட்டினார். அதுல எந்த இடத்துல கோளாறுன்னு அவர்கிட்ட விளக்கமா சொல்லி அனுப்பியிருக்கேன்.”



“எனக்கு அண்ணனே கிடையாதுங்க.”