கரண்டி பிடிக்கிறவருக்கு ஒரு வகுப்பு

திரையில் மறுபடியும் சேறுதான்.

டாக்டர் கேமராக் குழாயை வெளியே இழுத்துவிட்டுக் கையுறையைக் கழற்றி எறிந்தார். குடலின் சுவரே தெரியவில்லை, இதில் கட்டியை எங்கே போய்த் தேடுவது என்று என்மேல் பாய்ந்தார்.

மேசையில் மயக்கத்தில் கிடந்தவரை நாங்கள் எல்லோரும் மேனேஜர் என்றே சொல்வோம். ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகியும் அதட்டல் ஓயவில்லை. மாதக்கணக்காக ரத்தம் போகிறது. உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் வெட்டி எடுக்க முடியும். இது மூன்றாவது முறை.

எனக்கு மானம் போயிற்று. வயிற்றைச் சுத்தம் செய்து நோயாளியைத் தயார்ப்படுத்துவது நர்ஸான என் பொறுப்பு.

முன்பெல்லாம் நோயாளி கையில் ஒரு தாளைக் கொடுத்து அனுப்புவோம். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். மறுநாள் வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்து படுப்பார்.

நான்தான் அதை மாற்றினேன். நோயாளியை விட்டுவிட்டு, அவர் வீட்டில் யார் கரண்டி பிடிக்கிறாரோ அவரை வரவழைத்து வகுப்பு எடுத்தேன். விதை கூடாது, தோல் கூடாது, கீரை கூடவே கூடாது. வடிகட்டின சூப் மட்டும். பேதி மருந்தைக் கடைசிச் சொட்டு வரை குடிக்க வைக்க வேண்டும். ஒரு பிடி கீரை போதும், கேமராவுக்குக் கண் அவிந்துவிடும் என்று காரணத்தையும் சொல்லிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு வந்த குடல்கள் எல்லாம் கழுவிவிட்ட தரை மாதிரி இருந்தன. மற்ற ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இந்த ஒரு வீடுதான் திருஷ்டிப் பொட்டு.

மேனேஜரின் மனைவி வெளியே பெஞ்சின் ஓரத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்தார். முதல் நாளே மேனேஜர் என்னை எச்சரித்திருந்தார். இவள் மண்டு, பத்துத் தடவை சொன்னால்தான் ஒன்று மண்டையில் ஏறும் என்று. நானும் நம்பினேன். அந்த அம்மாவுக்காகவே படம் வரைந்து, குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னேன். என் வகுப்பில் அவரைப்போலக் கண் கொட்டாமல் கேட்டவர் யாருமில்லை.

இன்றைக்கு விடுவதில்லை என்று போனேன். நின்ற நிற்பிலேயே பொரிந்து தள்ளினேன். படித்துப் படித்துச் சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கா என்று கேட்டேன். இன்னும் இழுத்தடித்தால் மனிதர் பிழைக்க மாட்டார் என்றேன். நேற்று என்னென்ன கொடுத்தீர்கள், ஒன்றுவிடாமல் சொல்லுங்கள் என்றேன்.

சொன்னார். என் வகுப்பின் வரிசை மாறாமல் ஒப்பித்தார்.

வடிகட்டின சூப். அதில் வேகவைத்து மையாக அரைத்த கீரை. மருந்து சூப் என்று சொன்னதும் மேனேஜர் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்துவிட்டாராம். அப்புறம் பேதி மருந்து. அதில் பாதியைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, உப்புத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து நிரப்பியது.

முதல் தடவை விதைகளைப் போட்டாராம். பல்லில் தட்டுப்பட்டு மேனேஜர் சத்தம் போட்டாராம். அதனால்தான் இப்போது அரைக்கிறாராம்.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

அந்த அம்மா மடியிலிருந்து வலது கையை எடுத்து என் முன்னால் நீட்டினார். மணிக்கட்டு கோணிக்கொண்டிருந்தது. உடைந்த எலும்பைக் கட்டுப் போடாமல் விட்டால் அப்படித்தான் கூடும்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு கால்ல விழுந்து கெஞ்சினேன் சிஸ்டர். முதல்ல சோத்தப் போடுன்னாரு."

இடது கையால் போட்டாராம். மறுசோறும் போட்டாராம். அந்தக் கையை உடைத்தது யார் என்று நான் கேட்கவில்லை.

எனக்கு இரக்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. இரண்டில் எது பெரிது என்று யோசிக்க நேரமில்லை. உள்ளே ஒருவர் செத்துக்கொண்டிருந்தார். டாக்டரிடம் போய், வீட்டில் சரிப்படவில்லை, வார்டில் சேர்த்துவிடுங்கள், நானே குடிக்க வைக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டினார். படுக்கை போட்டாயிற்று. அந்த அம்மாவிடம், இனிமேல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் வீட்டுக்குப் போகலாம் என்றேன்.

அவர் முகம் இருண்டுபோயிற்று.

மேனேஜர் மயக்கம் தெளிந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். வார்டில் சேர வேண்டும் என்பதை மட்டும் சொன்னேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சாப்பாடு உங்களுக்கு ஆகாது ஐயா என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். அந்த அம்மா பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் மனிதர் பிழைத்துக்கொள்வார். அது என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

மேனேஜர் சிரித்தார்.

"இவளுக்கு அறிவுதான் கிடையாது சிஸ்டர். ஆனா கைப்பக்குவம் இருக்கு. இவ கையால இல்லாம நான் பச்சத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு, செருப்பைத் தேடிக் காலை நீட்டினார். அந்த அம்மா குனிந்து மாட்டிவிட்டார். சீக்கிரம் மாட்டவில்லை என்று தலையில் ஒரு தட்டு விழுந்தது.

அடுத்த முறைக்கான பேதி மருந்துப் பொட்டலங்களை எடுத்து வந்து மேனேஜரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. அதெல்லாம் அவளிடம் கொடு என்பதுபோல் மோவாயால் மனைவியைக் காட்டினார்.

கொடுத்தேன்.